வேலையை ஒப்புக்கொள்வதற்கு முன்

கடலூரில் வீடு கட்டித் தருகிற ஒரு பொறியாளர், தன்னைத் தேடி வருகிற வேலையையெல்லாம் ஒப்புக்கொள்ளக் கூடாது என்பதில் எனக்கு உறுதி உண்டு. கைநிறைய வேலை வைத்திருப்பவரின் பேச்சு என்று இதைச் சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். மஞ்சக்குப்பத்தில் ஒரு சிறிய அலுவலகம், உதவிக்கு ஓர் இளம் பொறியாளர், பல ஆண்டுகளாகக் கூடவே வருகிற ஒரு மேஸ்திரி, அவருடைய ஆட்கள் என்ற அளவில்தான் என் தொழில் நடக்கிறது. வேலை இல்லாத மாதங்களும் வரத்தான் செய்கின்றன. அப்படியிருந்தும் யாருக்குக் கட்டுவது என்பதை நான் இவ்வளவு பார்ப்பதற்குக் காரணம், எங்கள் ஊரில் அந்தக் கேள்வியையும் வீடு எப்படி நிற்கும் என்ற கேள்வியையும் பிரிக்கவே முடியாது என்பதுதான்.

வரைபடம் போடுவதும் பாரத்தைக் கணக்கிடுவதும் பொறியாளர் கையில் இருக்கின்றன. அந்த வரைபடத்தில் உள்ளது அப்படியே சைட்டில் எழும்புமா என்பது பெரும்பாலும் வீட்டுக்காரர் கையில் இருக்கிறது, ஏனென்றால் பணம் எப்போது வரும், எந்தத் தண்ணீரை ஊற்றிக் காங்கிரீட் கலப்பது, எத்தனை நாள் பொறுப்பது, நடுவில் எதை மாற்றுவது என்பதையெல்லாம் சொல்கிறவர் அவர்தான். பொறியாளர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், இந்த நான்கிலும் பிடிகொடுக்காத ஒருவருக்கு நல்ல வீட்டைக் கட்டித் தர முடியாது.

அண்மையில் தேவனாம்பட்டினம் பக்கம், கடற்கரையிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் உள்ள ஒரு வீட்டின் பால்கனியைப் பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். கட்டிப் பதினைந்து ஆண்டுகூட ஆகாத வீடு. பால்கனியின் அடிப்புறத்தில் பூச்சு உப்பிக்கொண்டிருந்தது. சுத்தியலால் லேசாகத் தட்டியதும் உள்ளங்கை அகலத்துக்குப் பெயர்ந்து விழுந்தது. உள்ளே தெரிந்த 8 மி.மீ. கம்பியை விரலால் தேய்த்தால் துரு செதில் செதிலாக உதிர்ந்தது, அதைத் துடைத்தெடுத்த பிறகு நல்ல இரும்பு என்று பாதிகூட மிஞ்சவில்லை. கம்பிக்குக் கீழே இருந்த காங்கிரீட்டின் கனத்தை அளந்தேன்: 10 மி.மீ. சில இடங்களில் அதுவும் இல்லை, காங்கிரீட் ஊற்ற அடியில் அடிக்கும் சென்ட்ரிங் பலகையின்மேல் கம்பி நேராகப் படுத்திருந்த தடம் அப்படியே தெரிந்தது. வீட்டில் இருந்தவர்கள் அந்தப் பால்கனியில்தான் துணி உலர்த்திக்கொண்டிருந்தார்கள்.

நம் நாட்டில் காங்கிரீட் வேலைக்கு அடிப்படையான இந்தியத் தர விதித் தொகுப்பு ஐ.எஸ். 456, அதன் 2000-ஆம் ஆண்டுப் பதிப்பில், கடலோரக் காற்றுக்கு நேராகத் திறந்திருக்கும் காங்கிரீட்டைக் ‘கடுமையான’ சூழல் என்ற வகையில் வைக்கிறது. அந்த வகைக்குக் குறைந்தபட்சம் எம்-30 தரக் காங்கிரீட்டும், ஒரு கன மீட்டருக்கு 320 கிலோவுக்குக் குறையாத சிமென்ட்டும், கம்பியைச் சுற்றி 45 மி.மீ. கனத்துக்குக் காங்கிரீட் மூடலும் வேண்டும் என்கிறது. உப்புக்காற்று நேரடியாகப் படாத உட்பகுதிகளுக்கே எம்-25, 30 மி.மீ. மூடல் தேவை. காற்றிலும் ஈரத்திலும் வரும் உப்பிலுள்ள குளோரைடு காங்கிரீட்டின் நுண்துளைகள் வழியே மெல்ல மெல்ல உள்ளே இறங்கிக் கம்பியைத் தொடுவதற்கு எடுத்துக்கொள்ளும் காலம்தான் அந்த வீட்டின் ஆயுள். அந்தக் காலத்தை நீட்டித் தருவது இந்த மூடல். துருவானது தான் தின்ற இரும்பைப்போல இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இடம் கேட்கும் என்பதால், துருப்பிடிக்கத் தொடங்கிய கம்பி தன்மேல் இருக்கும் காங்கிரீட்டைத் தானே உடைத்துத் தள்ளிவிடுகிறது. மேலே பூச்சுப் பூசி, வண்ணம் அடித்து, கிரகப்பிரவேசமும் நடந்துவிட்ட பிறகு உள்ளே மூடல் எவ்வளவு இருக்கிறது என்று யாராலும் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

கம்பியைப் பலகையிலிருந்து தூக்கி நிறுத்தி இந்த மூடலுக்கு இடம் விடுகிற சிறு கட்டைதான் கவர் பிளாக். அதை வாங்க வேண்டிய செலவு ஒரு வீட்டின் மொத்தச் செலவில் கணக்கிலேயே வராத தொகை. அப்படியிருக்க, அந்தப் பால்கனியில் கம்பி பலகைமேல் படுத்ததற்குக் காரணம், காங்கிரீட் போடுகிற அன்று காலையில் கம்பியைச் சரிபார்க்கும் வேலையை யாரிடமும் யாரும் கேட்கவில்லை, அதற்கென்று யாருக்கும் பணமும் தரவில்லை என்பதாகவே இருக்க முடியும். மேற்பார்வை என்ற ஒன்றே வேண்டாம், மேஸ்திரியே பார்த்துக்கொள்வார் என்று நினைக்கிற வீட்டுக்காரர்கள் எங்கள் பகுதியில் நிறையப் பேர். அவர்களுக்கு வரைபடம் மட்டும் போட்டுக் கொடுப்பதை நான் நிறுத்திவிட்டேன், ஏனென்றால் கம்பி கட்டி முடித்ததும் காங்கிரீட் போடுவதற்கு முன் நான் பார்க்காத ஒரு தளத்துக்கு என் கையெழுத்துப் பொறுப்பாவதை என்னால் ஏற்க முடியவில்லை.

தேர்வு என்று நான் சொல்வது பெரும்பாலும் முதல் சந்திப்பிலேயே, அதுவும் மனையின்மேல் நின்றுகொண்டு பேசும்போதே நடந்துவிடுகிறது. அலுவலக நாற்காலியில் உட்கார்ந்து பேசினால் பேச்சு படுக்கையறை எங்கே, பூஜையறை எங்கே என்று போய்விடும். மனையில் நின்றால் பக்கத்து வீட்டின் மட்டம் தெரியும், கிணற்றுத் தண்ணீரை வாயில் வைத்துப் பார்க்கலாம், கடந்த வெள்ளத்தின் கறை எதிர்ச் சுவரில் எந்த உயரத்தில் இருக்கிறது என்று காட்டிக் கேட்கலாம். 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு தென்பெண்ணை பெருக்கெடுத்தபோது, குண்டுஉப்பலவாடி பக்கத்தில் தண்ணீர் வீடுகளுக்குள் புகுந்து நின்றதை ஊரே பார்த்தது. அந்தப் பக்கத்தில் மனை வைத்திருப்பவரிடம் பேஸ்மட்டத்தை, அதாவது வீட்டுத் தரையின் உயரத்தை, அந்தக் கறைக்கு மேலே ஏற்ற வேண்டும் என்று சொல்லும்போது, அதற்கு ஆகிற செங்கலையும் நிரப்பும் மண்ணையும் பற்றி அவர் என்ன கேட்கிறார் என்பதிலிருந்தே எனக்குப் பாதி தெரிந்துவிடும். செலவு எவ்வளவு கூடும், குறைக்க வழியுண்டா என்று கேட்கிறவரோடு நான் எத்தனை மணி நேரமும் உட்கார்ந்து பேசுவேன். தெருவில் யாரும் ஏற்றவில்லையே, நமக்கு மட்டும் என்ன வந்தது என்று பேச்சை முடித்துவிடுகிறவரோடு வேலை செய்வது கடினம்.

தண்ணீர் இன்னொரு உரைகல். கலவைக்கு ஊற்றும் நீரில் குளோரைடு, கம்பி போட்ட காங்கிரீட் என்றால் லிட்டருக்கு 500 மி.கிராமைத் தாண்டக் கூடாது என்று அதே ஐ.எஸ். 456 சொல்கிறது. கடலை ஒட்டிய எங்கள் பகுதிகளில் போர்வெல் தண்ணீர் பல இடங்களில் உவர்ப்பு. சோதனைக்குக் கொடுத்துப் பார்க்காமல் அதை நம்பக் கூடாது. சோதனையில் தேறாவிட்டால் லாரித் தண்ணீர் வாங்க வேண்டியிருக்கும், கலவைக்கு மட்டுமல்லாமல் அடுத்தடுத்த நாட்களில் ஊற்றி நனைப்பதற்கும் நல்ல நீர்தான் வேண்டும். இந்தச் செலவை முதல் நாளே மதிப்பீட்டுத் தாளில் தனி வரியாக எழுதிக் காட்டுகிறேன். அந்த வரியைப் பார்த்ததும் அதை மட்டும் அடித்துவிடச் சொன்னவர்கள் உண்டு. அவர்கள் கெட்ட மனிதர்கள் அல்லர். ஆனாலும் அந்த வீட்டை நான் கட்டித் தர மாட்டேன்.

சதுர அடிக்கு என்ன ரேட் என்பதுதான் எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி. அதைக் கேட்பவரைக் குறைத்துப் பேசுகிற பழக்கம் எங்கள் தொழிலில் இருக்கிறது, அது எனக்குப் பிடிப்பதில்லை. நகையை அடகு வைத்தும், சீட்டு எடுத்தும், வங்கியில் இருபது ஆண்டுக்குத் தவணை கட்டுவதாக எழுதிக் கொடுத்தும் ஒரு குடும்பம் வீட்டைத் தொடங்கும்போது, விலையைக் கேட்காமல் வேறு எதைக் கேட்கும்? நான் பார்ப்பது அதற்கு அடுத்த கேள்வியை. அந்த ரேட்டில் எந்தக் கம்பி, எந்தச் சிமென்ட், எத்தனை அடி ஆழக் கடைக்கால், நீங்கள் எத்தனை முறை வந்து பார்ப்பீர்கள் என்று விவரத்துக்குள் போகிறவர், விலையை எவ்வளவு அடித்துப் பேசினாலும் எனக்கு ஏற்றவர். இன்னார் இதைவிடக் குறைத்துச் சொன்னார், அதே விலைக்கு நீங்களும் வாருங்கள் என்று மட்டும் சொல்பவரிடம், அந்த இன்னார் எதைக் குறைத்து அந்த விலைக்கு வந்தார் என்று தெரியாமல் என்னால் பதில் சொல்ல முடியாது.

மாடி விஷயத்தில்தான் அதிகமாக வாக்குவாதம் வருகிறது. வன்னியர்பாளையம் பக்கம் ஒரு மனையில் வைத்து, என்னைவிட மூத்த ஒருவர், என் மச்சானுக்கு நெருங்கிய உறவு, இப்படிக் கேட்டார்:

“தம்பி, இப்ப கீழ்வீடு மட்டும் போதும். பின்னாடி பையன் வந்து மேல ரெண்டு மாடி எடுத்துக்குவான். அதுக்கு இப்பவே எதுக்கு கடைக்கால்ல காசக் கொட்டணும்?”

“மேல ரெண்டு மாடி வரும்னா அந்த பாரமும் இதே கடைக்கால்லதாங்கய்யா வந்து எறங்கும். இப்ப அதுக்குத் தக்கபடி போட்டாத்தான் உண்டு, அப்புறமா கீழ போயி பெருசு பண்ண முடியாது.”

“இந்தத் தெருவுல எல்லாரும் அப்படித்தான கட்டியிருக்காங்க. ஏதாவது விழுந்துதா?”

தெருவில் எதுவும் விழவில்லை என்பது உண்மைதான். கட்டடம் தாங்கும் திறனுக்கும் அதன்மேல் வரும் பாரத்துக்கும் நடுவே விதிகள் ஓர் இடைவெளி வைக்கச் சொல்வதால், தவறாகக் கட்டியவையும் பல ஆண்டு நிற்கின்றன. அந்த இடைவெளியைத்தான் அவர்கள் தின்றுகொண்டிருக்கிறார்கள். கடலூர் மண்ணை வைத்துப் பார்த்தால் இதில் துணிய முடியாது. கடலோரத்தில் மணல், கெடிலத்துக்கும் பெண்ணையாற்றுக்கும் அருகே ஆறு கொண்டுவந்து படியவைத்த வண்டலும் களியும், கேப்பர் மலைப் பக்கம் போனால் செம்மண் என்று ஒரே ஊருக்குள் கால் மணி நேரப் பயணத்தில் மண் மாறிக்கொண்டே போகிறது. ஒரு தெருவில் நின்ற வீட்டைக் காட்டி இன்னொரு தெருவுக்குக் கடைக்கால் அளவு சொல்வது பொறியியலாகாது. அவருக்கு நான் இரண்டு வழிகளைச் சொன்னேன்: மண் பரிசோதனை செய்து மூன்று தளத்துக்கும் கடைக்கால் போடலாம், அல்லது இது தரைத்தளத்துக்கு மட்டுமான கட்டடம் என்று வரைபடத்திலும் ஒப்பந்தத்திலும் எழுதி, மகனையும் கூப்பிட்டு வைத்துச் சொல்லிவிடலாம். இரண்டும் வேண்டாம் என்றார். வேலையை நான் எடுத்துக்கொள்ளவில்லை.

முகதாட்சண்யம் என்பது எங்களைப்போன்ற ஊர்களில் சாதாரண விஷயமல்ல. திருப்பாதிரிப்புலியூரில் ஒருவருக்கு மறுப்புச் சொன்னால் புதுப்பாளையத்தில் இருக்கும் அவர் சம்பந்தி வரை அது போகும், அடுத்த கல்யாணத்தில் பந்தியில் பக்கத்தில் உட்கார வேண்டியிருக்கும். உறவு கருதி ஒப்புக்கொண்டு, பிறகு மனசாட்சிக்குப் பயந்து அவருக்குத் தெரியாமல் கம்பியைக் கூட்டிப் போடுகிற பொறியாளர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்கள் நல்லவர்கள். என்றாலும் வீட்டுக்காரருக்குத் தன் வீட்டின் கடைக்கால் எதைத் தாங்கும் என்று சரியாகத் தெரியாமல் போய்விடுகிறதே. பத்தாண்டு கழித்து மகன் வேறொருவரை வைத்து மாடி எடுக்கும்போது, எந்தக் கணக்கை நம்பி எடுப்பான்? உறவினரிடம்தான் முதலிலேயே, நேரிலேயே, காரணத்தோடு முடியாது என்று சொல்லிவிட வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

சட்டத்தின் கோணத்திலும் இது சின்ன விஷயம் அல்ல. வீடு கட்டித் தருவது ஒரு சேவை என்றும் அதில் குறை இருந்தால் நுகர்வோர் மன்றத்தில் கேட்கலாம் என்றும் உச்ச நீதிமன்றம் 1993-இலேயே லக்னோ வளர்ச்சி ஆணையம் தொடர்பான வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் சேவை என்பதன் விளக்கத்துக்குள் வீட்டுக் கட்டுமானத்தைப் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. இன்னொரு பக்கம், 2024 ஜூலையிலிருந்து தமிழ்நாட்டில் 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடிக்குள் கட்டப்படும், தரைத்தளமோ அதன்மேல் ஒரு மாடியோ உள்ள வீடுகளுக்குச் சுயசான்று அடிப்படையில் இணையத்திலேயே உடனடி அனுமதி கிடைக்கிறது. அலைச்சல் குறைந்தது மக்களுக்கு நல்லதுதான், நான் அதை வரவேற்கிறேன். ஆனால் வெளியிலிருந்து ஒருவர் நிறுத்திக் கேள்வி கேட்கும் இடங்கள் குறையக் குறைய, வீட்டுக்காரரும் பொறியாளரும் ஒருவரையொருவர் எவ்வளவு நேர்மையாக நடத்துகிறார்கள் என்பதன்மேல் பாரம் கூடுகிறது. சொன்னதை நேராகக் கேட்டுக்கொள்ளாத ஒருவருக்காக அந்தப் பாரத்தைச் சுமக்க எனக்கு விருப்பமில்லை.

பணம் எங்கிருந்து, எந்த வேகத்தில் வரும் என்பதையும் முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுகிறேன். இப்படிக் கேட்பது பலருக்குக் கூச்சமாக இருக்கிறது. வங்கிக் கடன் என்றால் கடைக்கால், லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேலே வரும் காங்கிரீட் கட்டு), தளம் என்று கட்டம் கட்டமாகத்தான் விடுவார்கள். ஒவ்வொரு கட்டமும் முடிந்த பிறகு வந்து பார்த்துவிட்டுத்தான் அடுத்தது. அந்த இடைவெளியை நிரப்பக் கையில் கொஞ்சம் இருக்கிறதா என்று தெரியாமல் தொடங்கினால், லிண்டல் மட்டத்தில் கம்பி நீட்டிக்கொண்டு மழையில் நிற்கிற வீடாக அது முடியும். பணத்தைத் தள்ளிப்போடும் வீட்டுக்காரரால் பொறியாளருக்கு வரும் நட்டத்தைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது சனிக்கிழமைக் கூலி. வாரக் கடைசியில் சித்தாள் வேலைக்கு வந்த பெண்கள் மாலை ஆறு மணிக்குக் கை கால் கழுவிவிட்டு, டிபன் கூடையோடு சுவரோரம் காத்திருப்பார்கள். அடுத்த வாரம் பார்க்கலாம் என்று வீட்டுக்காரர் எனக்குச் சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விடலாம். நான் அதை அந்தப் பெண்களிடம் சொல்ல முடியாது. என் கைப்பணத்தைப் போட்டுக் கொடுப்பேன், கொடுத்தும் இருக்கிறேன். கொடுக்க முடியாத வாரம் ஒன்று வந்தால், ஒரு பெரிய வீட்டின் கடனை அவர்கள்தான் தாங்குகிறார்கள் என்று ஆகிவிடும். அதனால்தான் ஒவ்வொரு கட்டத்துக்கும் உரிய தொகை அந்தக் கட்டம் தொடங்கும் முன்பே வர வேண்டும் என்பதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. இதற்கு ஒத்துவராதவர் எவ்வளவு செல்வந்தராக இருந்தாலும் வேண்டாம்.

எங்கள் மாவட்டத்தில் வீடு கட்டுகிறவர்களில் கணிசமானோர் வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். அவர்கள் அனுப்பும் பணம் பெரும்பாலும் ஒழுங்காக வந்துவிடும். அங்கே வரும் சிக்கல் வேறு: குவைத்திலிருந்து கணவர் வாட்ஸ்அப்பில் ஒன்றைச் சொல்வார், சைட்டில் நிற்கும் மாமனார் அதற்கு மாறாக ஒன்றைச் சொல்வார், வாஸ்து பார்க்கிறவர் வந்துபோன மறுநாள் சமையலறை இடம் மாறும். சுவர் எழும்பிய பிறகு மாறும் ஒவ்வொரு சமையலறையும் பீமையும் தூணையும் இடம் தவற வைக்கிறது. யார் சொல்வது இறுதிச் சொல் என்பதை அந்தக் குடும்பமே உட்கார்ந்து பேசி ஒருவரைக் காட்ட வேண்டும். கையெழுத்தும் அவரே போட வேண்டும். பல குடும்பங்களில் அது வீட்டிலிருக்கும் மனைவியாக அமையும்போது வேலை நன்றாக நடந்திருக்கிறது, ஏனெனில் அந்த வீட்டில் நாள்தோறும் புழங்கப்போகிறவர் அவர்.

பாதியில் நிற்கும் வீட்டோடு வருகிறவர்களிடம் நான் கூடுதலாக நிதானிப்பேன். முன்பு பார்த்த பொறியாளர் ஏமாற்றிவிட்டார் என்பார்கள். அது உண்மையாகவும் இருக்கலாம். பட்டயக் கணக்காளர்களுக்கு இதில் ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது: முன்பு வேறொரு பட்டயக் கணக்காளர் வகித்த தணிக்கைப் பொறுப்பை, அவருக்கு எழுத்தில் தெரிவிக்காமல் இன்னொருவர் ஏற்றால் அதைத் தொழில் நடத்தைக் குற்றம் என்று 1949-ஆம் ஆண்டின் பட்டயக் கணக்காளர் சட்டமே சொல்கிறது. வீடு கட்டுகிறவர்களுக்கு அப்படிச் சட்டம் இல்லாவிட்டாலும், முன்னவரைத் தொலைபேசியில் கூப்பிட்டுப் பேசாமல் நான் ஒப்புக்கொள்வதில்லை. அவருக்குத் தர வேண்டிய பாக்கி இருக்கிறதா, கடைக்காலின் வரைபடம் யாரிடம் இருக்கிறது, என்ன காரணத்தால் நின்றது என்று கேட்பேன். அவரிடம் பேச வேண்டாம் என்று வீட்டுக்காரர் தடுத்தால், பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

நாள் குறித்துவிட்டு வருகிறவர்களும் உண்டு. தையில் பூமி பூஜை போட்டு ஆவணியில் குடிபுக வேண்டும், அதற்குப் பிறகு ஐப்பசி கார்த்திகை மழை வந்துவிடும் என்ற கணக்கு நியாயமானதுதான். அந்தக் கணக்குக்காக, புதுத் தளத்தைத் தாங்கி நிற்கும் சவுக்குக் கழி முட்டுகளை ஐந்தாம் நாளே பிரிக்கச் சொன்னால் மட்டும் நான் இணங்க மாட்டேன். சாதாரண சிமென்ட்டுக்கே, தாங்கலுக்குத் தாங்கல் இடைவெளி 4.5 மீட்டருக்கு உட்பட்ட தளத்துக்கு 7 நாள், அதற்கு மேல் போனால் 14 நாள் முட்டு நிற்க வேண்டும். இப்போது பெரும்பாலும் புழங்குகிற கலப்புச் சிமென்ட்டு வலுவேற இன்னும் பொறுக்கச் சொல்லும், நனைத்து வைப்பதையும் 10 நாளுக்குக் கீழே குறைக்கக் கூடாது. இதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுவதால் பின்னால் மனக்கசப்பு வருவதில்லை.

இவ்வளவு பார்க்கிற நான் எதைப் பார்க்கக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். சாதி, மதம், தெரு, வருமானம் ஆகியவற்றை வைத்து வேலையை ஒப்புக்கொள்வதும் மறுப்பதும் எங்கள் தொழிலில் இன்றும் நடக்கிறது. வாடகைக்கு வீடு விடுகிறவர் கேட்கும் அதே கேள்விகளை, வேறு சொற்களில், கட்டித் தருகிறவரும் கேட்கிறார். காலனியில் வேலை என்றதும் ஆள் இல்லை என்று சொல்லிவிடுகிறார்கள். அதைத் தேர்வு என்ற பெயரில் யாரும் என்னிடம் நியாயப்படுத்த முடியாது, அது தீண்டாமை. நான் சொல்லும் தேர்வு ஒருவருடைய நடத்தையை மட்டும், அதுவும் இந்த வேலையைத் தொடும் நடத்தையை மட்டும், பார்க்க வேண்டும்.

சிங்காரத்தோப்பில் ஒரு மீனவக் குடும்பத்துக்குக் கட்டிய சிறிய வீட்டை இங்கே சொல்ல வேண்டும். பணம் குறைவு, அதிலும் கடலுக்குப் போகிற நாட்களைப் பொறுத்தே வரும். அந்த அம்மா ஒரு நீள நோட்டில் வந்திறங்கிய மூட்டை, செலவான மூட்டை, மீதி என்று நாள்தோறும் எழுதிவைத்தார். அந்த நோட்டைப் பார்த்தே அடுத்த வாரத்துக்கு எவ்வளவு வேண்டும் என்று என்னால் சொல்ல முடிந்தது. கவர் பிளாக் எதற்கு என்று ஒருமுறை கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு, காங்கிரீட் அன்று கம்பிமேல் நடந்த ஆட்களின் காலடியில் நழுவியவற்றைக் குனிந்து குனிந்து அவரே சரிசெய்துகொண்டிருந்தார். கையில் பணம் தீர்ந்தபோது, வேலையைத் தொடங்கிவிட்டுப் பிறகு சொல்லாமல், முன்கூட்டியே வந்து ஒரு மாதம் நிறுத்திவைப்போம் என்றார். எனக்குக் கிடைத்த நல்ல வீட்டுக்காரர்களில் அவரை முதல் வரிசையில் வைப்பேன். அரசு 2024-இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லத் திட்டத்தில் ஊரகப் பகுதிகளில் 360 சதுர அடி வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய் தருகிறது. அத்தகைய சிறிய வீடுகளுக்கு ஆலோசனை கேட்டு வருபவர்களையும், லாபம் இல்லை என்ற ஒரே காரணத்தால் திருப்பி அனுப்புவது எனக்குச் சரியாகப் படவில்லை.

அதேபோல, ஆபத்து என்று கூப்பிடும்போது தேர்வுக்கு இடமே இல்லை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்த பிறகும், ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும், சுவர் விரிசல் விட்டிருக்கிறது, உள்ளே படுக்கலாமா என்று கேட்டு வருபவரிடம் அவர் பாக்கி வைப்பவரா, பிடிவாதக்காரரா என்றெல்லாம் பார்க்க மாட்டேன். போய்ப் பார்த்து, படுக்கலாம் அல்லது கூடாது என்று சொல்லிவிட்டு வருவேன். முன்பு என்னோடு சண்டை போட்டுப் போனவர் வீட்டுக்கும் போவேன்.

இளம் பொறியாளர்கள் என்னிடம் கேட்பது, இப்படியெல்லாம் பார்த்தால் பிழைப்பு எப்படி நடக்கும் என்பதை. அது வாய்ச்சொல்லில் அடக்கக் கூடிய கேள்வி அல்ல. ஐப்பசி கார்த்திகையில் வேலை குறைந்து ஆட்கள் ஊர் பார்த்துப் போகிற நேரத்தில் வருகிற எந்த வேலையும் இனிக்கத்தான் செய்யும். அதற்காகவே நான் பழுதுபார்க்கும் வேலைகளையும், வங்கிக்கான மதிப்பீட்டு வேலைகளையும், தண்ணீர்க் கசிவு பார்த்துச் சொல்லும் வேலைகளையும் கைவிடாமல் வைத்திருக்கிறேன். புது வீடு ஒன்றை மறுக்கும் துணிவை எனக்குத் தருவது அந்தச் சில்லறை வேலைகள்தான். முதல்முறை மனைக்கு வந்து பார்ப்பதற்கு ஒரு சிறு தொகை வாங்குவதும் உதவுகிறது. நீ விட்டால் இன்னொருவன் அதே வீட்டை அதே குறையோடு கட்டிவிட்டுப் போவான், அதனால் யாருக்கு லாபம் என்பதும் அவர்கள் கேட்கிற கேள்விதான். கட்டிவிட்டுப் போவான், உண்மை. ஆனால் நான் மறுத்தபோது காரணத்தைச் சொல்லியிருந்தால், அடுத்தவரிடம் போகும்போது அந்த வீட்டுக்காரர் கையில் ஒரு கேள்வியாவது இருக்கும். சிலர் அந்தக் கேள்வியால் மனம் மாறி, என்னிடம் இல்லாவிட்டாலும் வேறு ஒரு நல்ல பொறியாளரிடம் முறையாகக் கட்டியிருக்கிறார்கள்.

ஆகவே, கையில் வேலை அதிகம், இந்த ஆண்டு முடியாது என்று சாக்குச் சொல்லி நழுவுவதை நான் ஏற்பதில்லை. அது அவரைக் காத்திருக்க வைக்கும் அல்லது குழப்பும். இன்ன காரணத்தால் இந்த வேலையை நான் எடுக்கவில்லை, அதை மாற்றிக்கொண்டால் எடுப்பேன், இல்லாவிட்டால் வேறொருவரைப் பாருங்கள் என்று நேரில் சொல்லி, அவர் கொடுத்த பத்திர நகல், வில்லங்கச் சான்று, மண் பரிசோதனை அறிக்கை எல்லாவற்றையும் அன்றே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். மண் அறிக்கைக்குப் பணம் கொடுத்தது அவர், அதைப் பிடித்துவைத்துக்கொள்ள நமக்கு உரிமை இல்லை.

ஒப்புக்கொண்ட பிறகு நிலைமை கெட்டுப்போனால் விலகுவதற்கும் முறை இருக்கிறது. ஈரத் தளத்தின்கீழ் முட்டு நிற்கும்போது எந்தக் காரணத்தாலும் விலகக் கூடாது. கடைக்கால், பேஸ்மட்டம், லிண்டல், தளம் ஆகிய ஏதாவது ஒரு கட்டத்தை முழுமையாக முடித்துவிட்டுத்தான் போக வேண்டும். வீட்டுக்காரரையும் மேஸ்திரியையும் வைத்துக்கொண்டு நடந்த வேலையை அளந்து, வாங்கியதையும் செலவானதையும் ஒரே தாளில் எழுதி, மூவரும் கையெழுத்திட்டு, மீதியைத் திருப்பித் தந்துவிட வேண்டும். கம்பி கட்டி முடித்த ஒவ்வொரு முறையும், காங்கிரீட் மூடுவதற்கு முன், அளவு டேப்பை வைத்து நான் எடுக்கிற படங்களை வரைபடத்தோடு சேர்த்து அவரிடமே கொடுத்துவிடுகிறேன். அடுத்து வரும் பொறியாளர் அந்தத் தூணுக்குள் எத்தனை கம்பி, எந்த அளவில், எவ்வளவு இடைவெளியில் இருக்கிறது என்று அதைப் பார்த்துத்தான் மேற்கொண்டு கட்ட வேண்டியிருக்கும்.